கேலன் வாய் திறக்காத குளிர்காலம்

லவோனுக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுக்க முடியாது. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. நார்த் டகோட்டாவில் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலறையை அவள் பாதி ஆயுள் நடத்தினாள். அங்கேயும் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்க யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அவளுக்குக் கை ஓடாது. கல்யாணமான புதிதில் கேலன் அவளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தான். கிளட்ச், கிளட்ச் என்று அவன் நாலைந்து தடவை சொல்வதற்குள் அவள் வண்டியை நடுரோட்டில் நிறுத்தி, சாவியைக் கோதுமை வயலுக்குள் வீசிவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த வாரம் அவன் வேலைக்குப் போயிருந்தபோது தனியாக எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது காரில் ஒரு பக்கக் கண்ணாடி இல்லை. அவளுக்கு ஓட்டத் தெரிந்திருந்தது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் இருவரும் சக்கரம் வைத்த வீடான ட்ரெய்லரை பிக்கப் வண்டியில் பூட்டிக்கொண்டு அரிசோனாவுக்கு வந்துவிடுவார்கள். குவார்ட்ஸைட்டுக்கு வெளியே, கள்ளியும் கூழாங்கல்லுமாகக் கிடக்கும் அரசாங்க நிலம். கரண்டும் இல்லை, குழாயும் இல்லை. அடுத்த ட்ரெய்லர் கூப்பிடு தூரத்தில். விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டரின் காற்றாடி எல்லாமே ட்ரெய்லரின் மூக்கில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேட்டரிகளை நம்பித்தான். அது கேலனின் ராஜ்ஜியமாக இருந்தது. காப்பிக்கு முன்னால் வோல்ட் மீட்டரைப் பார்ப்பான். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவான், முனைகளைச் சுரண்டித் துடைப்பான், சோலார் பேனலைச் சாய்ப்பான். லவோன் அந்தப் பக்கம் போனதேயில்லை.

போன வசந்தத்தில் பக்கவாதம் கேலனை லேசாகத் தட்டிவிட்டுப் போனது. நடை திரும்பிவிட்டது, பேச்சும் திரும்பிவிட்டது. வலது கை மட்டும் திரும்பவில்லை. ஒரு கோப்பையைப் பிடிக்கும், ஸ்பேனரைப் பிடிக்காது.

கிளம்புவதற்கு முன் சமையலறை மேசையில் அந்தப் பேச்சு நடந்தது.

"குவார்ட்ஸைட் ஊருக்குள்ள இருக்கற ட்ரெய்லர் பார்க்குக்குப் போயிடலாம்," என்றாள் லவோன். "கரண்ட் இருக்கு, தண்ணி இருக்கு."

"பக்கத்து ட்ரெய்லர்காரனோட கழிவுக் குழாயும் இருக்கு. ஜன்னலத் தொறந்தா தினம் அதுதான் தரிசனம். அதுக்கு நான் இங்கயே பனியில கெடக்கேன்."

அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபோது அவன் வேறெதையும் கேட்கவில்லை. மறுபடியும் அந்த வெட்டவெளியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அப்ப பேட்டரிய நான் பாத்துக்கறேன்," என்றாள்.

"நீயா?"

"நான்தான். ஒரே ஒரு கண்டிஷன். நீ வாயத் தொறக்கக் கூடாது."

"ஒரு வார்த்தகூடவா?"

"பேட்டரி பத்தி ஒரு வார்த்தகூட. மத்தத எவ்வளவு வேணா பேசு."

"மத்ததப் பத்திப் பேச என்ன இருக்கு?" என்றான் கேலன். கொஞ்ச நேரம் இடது கையால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தான். "சரி. என் பங்குக்கும் ஒண்ணு. அக்கம்பக்கத்துல போய் கரண்ட் கடன் கேக்கற நிலைமை வந்துச்சுன்னா, அன்னிக்கே மூட்டையக் கட்டி பார்க்குக்குப் போயிடணும். இன்னொருத்தன் ஜெனரேட்டர் முன்னாடி போய் நான் கையேந்த மாட்டேன்."

"ஏந்த வேண்டாம்," என்றாள் லவோன்.

அவள் பேட்டரியைக் கற்றுக்கொண்ட விதம் சமையல்காரியின் விதம். கொதிக்கும்போது சூப்பை ருசி பார்த்தால் உப்பு தெரியாது. வெயில் ஏறிக்கொண்டிருக்கும்போது மீட்டரைப் பார்த்தாலும் அப்படித்தான், பொய் சொல்லும். இறக்கி வைத்து, ஆறவிட்டு, பிறகு பார்க்க வேண்டும். காலைப் பாத்திரம் கழுவியதும் ஒரு தடவை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு தடவை, சாயங்காலக் காப்பியோடு ஒரு தடவை என்று தரையில் நிற்கும் பேனலைச் சூரியன் பக்கம் திருப்பினாள். துணி காயப்போட்ட கயிற்றின் நிழல் பேனலின் ஒரு ஓரத்தில் விழுந்தாலே வரவு பாதியாகிறது என்பதைத் தானே கண்டுபிடித்து, கயிற்றை அவிழ்த்து வேறிடத்தில் கட்டினாள்.

கேலன் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பேனலைத் தவறாகச் சாய்க்கும்போதெல்லாம் அவனுக்குத் தொண்டை கரகரத்தது.

"என்ன, இருமலா?"

"இல்லியே."

"அப்ப இருமாத."

இப்படியே டிசம்பர் போயிற்று. அவள் அபாரமாகச் செய்தாள் என்று சொல்ல மாட்டேன். செய்தாள்; விளக்கு எரிந்தது. அந்த வயதில், ஒருவர் ராஜ்ஜியத்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டு நடத்துகிற வீட்டில், அது போதும்.

ஜனவரி நடுவில் வானம் மூடிக்கொண்டது. அந்தப் பாலையில் மழை அபூர்வம், ஆனால் வந்தால் நாலு நாள் தங்கி இருந்துவிட்டுத்தான் போகும். பேனல் சும்மா நனைந்தது. சுற்றிலும் ஜெனரேட்டர்கள் உறும ஆரம்பித்தன. அவர்களிடம் ஜெனரேட்டர் கிடையாது. அந்தச் சத்தத்துக்கு ஊரிலேயே இருந்திருக்கலாம் என்பது கேலனின் பழைய கட்சி. மூன்றாம் நாள் சாயங்காலம் மீட்டர் மிகவும் இறங்கிவிட்டதைப் பார்த்து, லவோன் ஒரு யோசனை செய்தாள். ட்ரெய்லரை இழுக்கும்போது பிக்கப்பிலிருந்து அதற்கு விளக்குக்காக ஒரு வயர் போகும். அதன் வழியே பேட்டரிக்கும் கொஞ்சம் கரண்ட் போகும் என்பது அவளுக்குத் தெரியும். வயரைச் செருகி, பிக்கப்பின் இன்ஜினை ஓடவிட்டாள்.

ஒரு மணி நேரம் ஓடியும் மீட்டர் பெரிதாக அசையவில்லை. மெல்லிய வயர் அது. அதற்கு மேல் தராது. இதற்குள் உள்ளே, உருளைக்கிழங்கும் கறியும் அடுக்கி அடுப்பில் வேகவைத்திருந்த ஹாட்டிஷ் தீய்கிற வாடை வந்தது. லவோன் சாவியைத் திருகி இன்ஜினை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினாள். வயரைப் பிடுங்க மறந்துவிட்டாள்.

புதிய வண்டிகளில் இன்ஜின் நின்றால் அந்த வழி தானாக மூடிக்கொள்ளும். அவர்களுடையது பழைய பிக்கப். வழி திறந்தே கிடந்தது. இரவெல்லாம் ஹீட்டரின் காற்றாடி ட்ரெய்லர் பேட்டரிகளைக் குடித்து, அது போதாமல் வயர் வழியே பிக்கப்பின் பேட்டரியையும் குடித்தது. ஒன்றைக் காப்பாற்றப் போய் இரண்டையும் காலி செய்வது என்பது, மின்சாரம் இல்லாத இடத்தில் வாழ்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

காலையில் அவள் கண் விழித்தபோது மூச்சு புகையாகத் தெரிந்தது. காற்றாடி நின்றிருந்தது. குழாயைத் திறந்தாள், பம்ப் ஒருமுறை முனகி அடங்கியது. கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய் பிக்கப்பில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். டிக் என்று ஒரு சத்தம். செல்ஃப் எடுக்கவில்லை. இறங்கிப் பின்னால் வந்தபோதுதான் பார்த்தாள், பிக்கப்புக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் வயர் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் நிமிர்ந்தாள். ட்ரெய்லர் ஜன்னலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கேலன் நின்றிருந்தான். அவன் அவளைப் பார்க்கவில்லை, பிக்கப்பையும் பார்க்கவில்லை. நேராக வயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போதுதான் கண்டுபிடித்த மனுஷனின் பார்வை இல்லை அது.

லவோன் உள்ளே போனாள்.

"நேத்தே பாத்தியா?"

"எத?"

"கேலன்."

"பாத்தேன்," என்றான்.

"பாத்துட்டு சும்மா படுத்துத் தூங்கினியா?"

"நீதான வாயத் தொறக்காதன்ன."

வாக்கைக் காப்பாற்றுவதும் ஒருவரைக் கைவிடுவதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். செய்கிறவனுக்கே சில சமயம் வித்தியாசம் தெரியாது. ஆனால் கேலனுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் அவனிடம் இருந்த நேர்மை. அவன் படுக்கை விளிம்பில் உட்கார்ந்தான்.

"சொல்லியிருக்கலாம்," என்றான். "ரெண்டு தடவ எந்திரிச்சேன். அப்புறம் படுத்துட்டேன். வாக்குக் குடுத்தோம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது காரணமில்ல."

"பின்ன எது காரணம்?"

"நீ எல்லாத்தையும் கத்துக்கிட்ட. அந்தக் கயித்து நிழல்கூடக் கண்டுபிடிச்சிட்ட. எனக்கே அதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரே ஒரு தடவ தடுமாறினா என்னன்னு தோணிச்சு. உனக்கு எல்லாம் வந்துடுச்சுன்னா அப்புறம் நான் எதுக்கு?"

லவோன் அவனை முறைத்துப் பார்த்தாள். கோபத்துக்கு நடுவிலும் அவன் பாதங்களில் காலுறை இல்லை என்பது அவள் கண்ணில் பட்டது. கால் நீலம் பாய்ந்திருந்தது. டிராயரிலிருந்து எடுத்து அவன் மடியில் எறிந்தாள்.

"எதுக்கா? எதிர்ல உக்காந்து நான் சமைச்சதச் சாப்பிட. போட்டுக்க, கிழவா."

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது. பக்கத்து ட்ரெய்லரில் தனியாக இருக்கும் ஓடெல். டெக்சஸ்காரர், நல்ல மனுஷர், யாருக்காவது உதவி தேவைப்படுகிறதா என்று மோப்பம் பிடித்துக்கொண்டே இருப்பவர்.

"வண்டி டிக்குங்கற சத்தம் கேட்டுச்சு," என்றார் ஓடெல். "என் ஜெனரேட்டரத் தள்ளிக்கிட்டு வரட்டுமா? ரெண்டு நிமிஷ வேலை."

லவோன் கதவைப் பிடித்துக்கொண்டு கேலனைப் பார்த்தாள். அந்த ரெண்டு நிமிஷ வேலையை ஏற்றுக்கொண்டால் சாயங்காலம் அவர்கள் பார்க்கில் இருப்பார்கள். கேலன் தான் போட்ட நிபந்தனையிலிருந்து இறங்கி வர மாட்டான். இவ்வளவு நடந்த பிறகு அவனை இறங்கி வரச் சொல்ல அவளுக்கும் மனமில்லை.

"வேண்டாம் ஓடெல்," என்றான் கேலன், ஒரு காலுறையோடு. "அவ பாத்துக்குவா."

"ரொம்பக் குளிருதே அண்ணே."

"குளிர் எங்களுக்குப் புதுசா? நாங்க டகோட்டாக்காரங்க. நீங்கதான் நடுங்கறீங்க."

ஓடெல் சிரித்துக்கொண்டே போனார். லவோன் வெளியே வந்தாள்.

கிழக்கே மேகம் கிழிய ஆரம்பித்திருந்தது. முழு வெயில் இல்லை, கந்தல் வெயில். அவள் யோசித்தாள். அந்தக் கொஞ்ச வெயிலை வழக்கம்போல ட்ரெய்லர் பேட்டரிகளுக்குக் கொடுத்தால் இரண்டு பெரிய வயிறுகளுக்கு ஒரு வாய்க் கஞ்சி போல ஆகும். சாயங்காலத்துக்குள் காற்றாடிகூடச் சுற்றாது. பிக்கப்புக்குக் கொடுத்தால், ஒருமுறை இன்ஜினை எழுப்பும் அளவு சேர்ந்தால் போதும். பிறகு இன்ஜினே எல்லோருக்கும் சமைத்துப் போடும். ஆனால் அதுவரை, சுகமில்லாத மனிதன் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்கு ஒரு சொட்டும் கிடையாது. பசியோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் யாருக்கு முதல் தட்டு என்று தினமும் தீர்மானித்த பெண்தான் அவள். அப்படியும் கை தயங்கியது.

முதலில் வயரைப் பிடுங்கினாள். தரையில் நின்ற பேனலை ட்ரெய்லரிலிருந்து கழற்றி, பிக்கப்பின் பானெட்டைத் திறந்து, அதன் கிளிப்புகளை அந்த பேட்டரியிலேயே நேராக மாட்டினாள். பிறகு கேஸ் அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்து, ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்து, உருளைக்கிழங்கும் மாவு உருண்டையும் போட்டு நெஃப்லா சூப் வைத்தாள். இடையிடையே வெளியே போய்ப் பேனலைத் திருப்பினாள். மேகம் ஒரு பக்கம் மூடினால் கிழிசல் இருக்கும் பக்கம் திருப்பினாள். கேலன் கம்பளியோடு வந்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர்தான், வெளியே வெளிச்சமாவது இருந்தது.

மதியம் தாண்டியதும் அவள் கூப்பிட்டாள். "வா. நீ சாவியத் திருப்பு. நான் இங்க மீட்டரப் பாக்கணும்."

வலது கைப் பக்கம் இருந்த சாவித் துவாரத்துக்கு அவன் இடது கையை ஸ்டியரிங்குக்கு மேலே குறுக்கே நீட்டினான்.

"இப்ப!"

இன்ஜின் ஒருமுறை புரண்டது. நின்றது.

"மறுபடியும் போடட்டுமா?"

"தொடாத! மிச்சத்தையும் தின்னுடும். கொஞ்ச நேரம் ஆறட்டும்."

அவன் கையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றாள். கள்ளிகளின் மேல் வெயில் விழுந்து, மங்கி, மறுபடியும் விழுந்தது. காத்திருப்பதை ஒரு வேலையாகச் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. அவளுக்குத் தெரிந்திருந்தது, இதை மட்டும் நான் பாராட்டாகவே சொல்கிறேன்.

"ம். இப்பப் போடு."

இன்ஜின் புரண்டது, திணறியது, தும்மியது, பிடித்துக்கொண்டது. கேலன் ஹாரனை அழுத்தினான். எங்கிருந்தோ ஓடெலும் பதிலுக்கு ஒரு ஹாரன் அடித்தார்.

லவோன் பிக்கப்பின் பின்னாலிருந்து நீளமான, தடித்த கேபிளை எடுத்து வந்து, பேட்டரியிலிருந்து பேட்டரிக்கு நேராக மாட்டினாள். மீட்டர் ஏறியது. கொஞ்ச நேரத்தில் ட்ரெய்லருக்குள் காற்றாடி சுற்றும் சத்தம் கேட்டது.

சூப் சாப்பிடும்போது அவள் சொன்னாள்: "பார்க் பேச்சு இத்தோட முடிஞ்சுது. உன் வாய்ப்பூட்டும் முடிஞ்சுது. சொல்ல வேண்டியது எல்லாத்தையும் சொல்லித் தொலை."

"எல்லாத்தையுமா?"

"சூப்பு ஆறதுக்குள்ள."

கேலன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். வயரின் தடிமன், முனைகளில் பூக்கும் உப்பு, டிசம்பரில் அவள் பேனலைச் சாய்த்த கோணம், தண்ணீர் ஊற்றும் முறை என்று மாதக்கணக்கில் அடைத்துவைத்ததெல்லாம் கொட்ட ஆரம்பித்தது. அவளுக்குப் பாதி ஏற்கெனவே தெரியும். அவள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். இந்தத் தடவை எந்தச் சாவியையும் தூக்கி வீசவில்லை.

"பேட்டரிக்குத் தண்ணிய சார்ஜ் ஏத்தறதுக்கு முன்னாடியே வழிய வழிய ஊத்திடணும்," என்றான் கேலன்.

"தப்பு," என்றாள் லவோன்.

"என்னது?"

"முன்னாடி தகடு மூழ்கற அளவு ஊத்தினாப் போதும். மீதிய சார்ஜ் ஏறினப்புறம் ஊத்தணும். முன்னாடியே நெறச்சா பொங்கி வழியும். பால் மாதிரி. உன் மொதல் பேட்டரிப் பெட்டி எதனால துருப்புடிச்சதுன்னு நெனச்ச?"

கேலன் யோசித்தான். அவன் முகத்தில் முதலில் ரோஷமும் பிறகு ஆர்வமும் வந்தன.

"இத ஏன் அப்பவே சொல்லல?"

"நீ கேக்கல. சூப்பு ஆறுது."