பால் பொங்கினால் நல்ல புத்தகம்

போன செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்த அத்தர் கடை பாய், கல்லாவில் இருந்த என்னைத் தாண்டிப் போனார். பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என் அம்மாவிடம் போய் நின்றார்.

“அம்மா, போன வாரம் நீங்க எடுத்துக் குடுத்த கதை புக்கை எங்க வீட்ல ஒரே நாள்ல முடிச்சுட்டாங்க. சோறு அடிப்புடிச்சுப் போச்சுன்னா பாத்துக்குங்க! அதே மாதிரி இன்னொண்ணு வேணும்.”

அம்மா எழுந்தாள். மூன்றாவது அடுக்கில் விரலை ஓட்டி, நீல அட்டை ஒன்றை உருவிக் கொடுத்தாள். “இதக் கொண்டுபோங்க. அடுப்ப அணைச்சுப்போட்டுப் படிக்கச் சொல்லுங்க.”

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

உக்கடத்தில் நான் புத்தகக் கடை வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான் என்பதும் தெரியும்… எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! கடை போர்டில் என் பெயருக்குப் பின்னால் பி.ஏ. போட இடம் போதவில்லை என்றார் பெயின்டர். “பேரைச் சின்னதாக்குங்க. பி.ஏ.வைக் குறைக்காதீங்க” என்று சொன்னவள் நான்.

அம்மா அன்னூரில் களை பறிக்கிற காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். முழங்கால் ஒத்துழைக்க மறுத்ததால் ஆறு மாதமாக என்னோடு பஸ் ஏறிக் கடைக்கு வருகிறாள். நான் வெளியே போகும்போது கடையைப் பார்த்துக்கொள்வாள். பார்த்துக்கொள்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன் — சிபாரிசு செய்கிறாள் என்று நினைக்கவில்லை.

பாய் போனதும் கேட்டேன். “ஏம்மா, எதை வெச்சு எடுத்துக் குடுக்கறீங்க?”

“நீ படிக்கறதப் பாத்துக்கிட்டுத்தான கண்ணு இருக்கறேன். அந்த நீல அட்டை… பஸ்ஸுல நம்ம ஸ்டாப்ப உட்டுப்போட்டு அடுத்த ஊர்ல போய் எறங்குனமே, அது.”

“இந்தச் சிவப்பு?”

“பால் பொங்கி அடுப்பே அணைஞ்சு போச்சு. நீ பக்கத்துலயேதான் நின்னுட்டிருந்த.”

“இந்த ஒல்லிப் புக்கு?”

“அதப் படிச்சுப்போட்டு ரெண்டு நாளு ஆருகிட்டயும் பேசல. அத நாஞ் சின்னப் புள்ளைகளுக்குக் குடுக்கறதில்ல.”

எனக்கு சுவாரஸ்யம் தாங்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். நான் மறந்துபோன என் வாசிப்பையெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டே போனாள். முன்னால் நட்டநடுவே நிறுத்தியிருந்த எழுநூறு பக்க மொழிபெயர்ப்பு நாவலை மட்டும் நான் எடுக்கவில்லை. ஏனோ கை போகவில்லை.

அந்த நாவலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டி அட்டை, தங்க எழுத்து. ‘வாழ்க்கையில் ஒரு தடவையாவது படிக்கணும்ங்க’ என்று சொல்லித்தான் விற்பேன். வாங்கிப் போனவர்கள் யாரும் அதைப் பற்றித் திரும்ப வந்து பேசியதே இல்லை. பிரமிப்பில் பேச்சு வரவில்லை போல என்று நினைத்துக்கொள்வேன்!

அது இப்போது ஒரு பட்டியலிலும் முதலிடத்தில் இருந்தது. சரவணம்பட்டிப் பக்கம் இருக்கும் ஒரு பெண்கள் காலேஜ் லைப்ரரியன் மேடம், ஹாஸ்டல் பிள்ளைகள் படிக்கப் பத்துப் புத்தகங்கள் எழுதித் தரச் சொல்லியிருந்தார். கீழே என் பெயரும் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்களாம். ஒரு காலேஜ் சுவரில் என் பெயர்! நான்கு தடவை அடித்துத் திருத்தி எழுதினேன்.

வெள்ளிக்கிழமை மேடம் வந்தார். பட்டியலைப் பார்த்துத் தலையாட்டினார். போகிற போக்கில் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே தடி நாவலைக் காட்டி, “ஏனுங்கம்மா, இது நல்லா இருக்குங்களா?” என்று கேட்டார்.

அம்மாவுக்குப் பொய் வராது.

“அதுங்களா… எங்க அம்மணிக்குத் தூக்கம் வல்லீன்னா எடுக்குமுங்க. பத்து நிமிசத்துல தூங்கிப்போடும்.”

மேடம் என்னைப் பார்த்தார். “நீங்க முழுசாப் படிச்சிருக்கீங்கதானே?”

முப்பத்தேழாம் பக்கத்தில் நான் வைத்த பஸ் டிக்கெட் இன்னும் அங்கேயே இருக்கிறது.

“இல்லீங்க மேடம்.”

அவர் கோபப்படவில்லை. பட்டியலை மடித்து என் கையில் கொடுத்தார். “எம் பிள்ளைக உங்க பேரை நம்பிப் படிக்கப் போறாங்க. திங்கக்கிழமை வாரேன். நீங்க படிச்சதை மட்டும் எழுதி வைங்க.”

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அம்மாவை விட்டுத் தள்ளி வேறு சீட்டில் உட்கார்ந்தேன். கடையைத்தான் பார்த்துக்கொள்ளச் சொன்னேன், என்னை யார் பார்க்கச் சொன்னது?

திங்கட்கிழமை மதியத்துக்குள் ஒன்பது புத்தகங்கள் தேறிவிட்டன. எல்லாம் பால் பொங்கியவை, ஸ்டாப் தவறியவை. பத்தாவதுக்கு அம்மா டிபன் கேரியரைத் திறந்துகொண்டே சொன்னாள்: “அந்தக் குதிரைப் பொஸ்தகம் எழுதல?”

அறுபது பக்க மலிவுத் தாள் நாவல் அது. அட்டையில் ஒரு பெண் தலைவிரி கோலமாக ஓடுவாள், பின்னால் ஒரு குதிரை. பி.ஏ. படித்தவள் சிபாரிசு செய்கிற அட்டையா? கடைசி அடுக்கில் ஒளித்து வைத்திருந்தேன்.

“அதப் படிச்சு அப்படி அழுதயே கண்ணு. என்ன இருக்குதுன்னு அன்னைக்கிருந்து யோசிச்சுட்டே இருக்கறேன்.”

“கேட்டிருக்கலாமில்ல?”

“நீ சொல்லுவயாக்கும்னு இருந்தேன்.”

ஊருக்கெல்லாம் புத்தகம் சொல்கிறேன். பக்கத்திலேயே இருந்தவளுக்கு ஒரு கதைகூடச் சொன்னதில்லை. புத்தகத்தை எடுத்து வந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். மெஸ்ஸில் சமைக்கிற ஒரு பெண். அவள் பேருக்கு ஒரு கடிதம் வருகிறது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. அதை நம்பிக் கொடுத்துப் படிக்கச் சொல்ல, ஊரில் ஓர் ஆளைத் தேடி அலைகிறாள்.

அம்மா ஒரு வாய் எடுத்த கையைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். “ஏங்கண்ணு, படிக்க வெச்ச புள்ள ஒண்ணு அவளுக்கு இல்லியா?”

எனக்குக் கொஞ்ச நேரம் எழுத்து தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தேன்.

வாசலில் மேடம் வந்து நின்றார். “லிஸ்ட் ரெடியாங்க?”

“செத்த இருங்க மேடம்” என்றாள் அம்மா, அவர் பக்கம் திரும்பாமலே. “அந்தக் கடுதாசில என்ன எழுதியிருக்குதுன்னு தெரிஞ்சுக்கலாம்.”

மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் கடைசிப் பக்கத்தை மூடியபோது அம்மாவின் தட்டில் சோறு காய்ந்து போயிருந்தது.

அதைப் பார்த்துவிட்டுத்தான் பட்டியலின் முதல் வரியில் அதுவரை விட்டுவைத்திருந்த தடி நாவலை அடித்து, குதிரைப் புத்தகத்தின் பெயரை எழுதினேன்.

கதையில் குதிரையே வராதே… அட்டையில் மட்டும் எதற்கு ஓடுகிறது? உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்!