வழியில் தேன் குடித்த நாட்கள்

ஒரகடம் கூட்டு ரோட்டு டீக்கடையில், ஷிப்ட் முடிந்து வரப்போகும் மகளுக்காகக் காத்திருக்கிறேன். முந்தாநாள் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்றபடியே மயங்கி விழுந்தவள், நேற்றே மறுபடி வேலைக்குப் போய்விட்டாள். ஊருக்கு அழைத்துப் போகத் திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிறேன்.

விஷயத்தைச் சொன்னதும் டீக்கடை அம்மா, "தண்ணி குட்ச்சாத்தானேம்மா! பாத்ரூமுக்கு லைனை வுட்டுப் போனா ஸ்பீடு கொறையுதுன்னு சூப்பர்வைசர் கத்துவான். அதுக்குப் பயந்துகினு இந்தப் பொண்ணுங்க தண்ணியே தொடாதுங்க" என்கிறார்.

நான் அறிவியல் ஆசிரியை. அமெரிக்காவில் வலசை போகும் ஹம்மிங் பறவையின் வேகத்தைக் கணக்கிடுவதை மகளுக்கும் சொல்லித் தந்திருக்கிறேன். ஓர் ஊரில் முதலில் தென்பட்ட நாளுக்கும் அடுத்த ஊரில் தென்பட்ட நாளுக்கும் இடைப்பட்ட நாட்களால் தூரத்தை வகுக்க வேண்டும். வழியில் தங்கித் தேன் குடித்த நாட்களும் அதில் சேரும். அதற்காக அந்தப் பறவையை யாரும் சோம்பேறி என்பதில்லை.

கம்பெனி பஸ்ஸிலிருந்து மகள் இறங்குகிறாள். உதடு வெடித்திருக்கிறது.

"போதும், வீட்டுக்கு வாட்டி."

"சும்மா இரும்மா. இன்னைக்கு என் ஸ்பீடு நல்லாருக்குன்னு சூப்பர்வைசரே சொல்லிட்டாரு."

அவள் பையை வாங்குகிறேன். கனக்கிறது. திறந்து பார்க்கிறேன். தண்ணீர் பாட்டில் ஒரு மடக்கும் குறையாமல் அப்படியே இருக்கிறது.