அண்ணி குடிக்காத தண்ணீர்

போன கோடையில் எங்கள் கட்டடத்தில் இருந்த செடிகள் எல்லாம் கருகிச் சுருண்டுவிட்டன. பக்கத்து வீட்டுக்காரி பிள்ளை மாதிரி வளர்த்த செம்பருத்திகூட வெறும் குச்சியாக நின்றது. எங்கள் கதவுக்கு வெளியே வராந்தாவில் இருந்த ரோஜா மட்டும் தளதளவென்று பூத்துத் தள்ளியது. நினைவு வந்தால் எப்போதாவது ஒரு டம்ளர் ஊற்றுகிறவள் நான். இருந்தாலும் எல்லாம் என் கைராசி என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் ஓயாமல் பீற்றிக்கொண்டேன். அவளும் பாவம், நம்பினாள்.

அந்த ரோஜா எப்படிப் பிழைத்தது என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணி, என் அண்ணன் மனைவி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். லாரியில் வரும் கண்டெய்னரைத் தூக்கி அடுக்கி வைக்கும் பெரிய கிரேன். அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. சுற்றிலும் கண்ணாடி, காலுக்குக் கீழேயும் கண்ணாடி. இரண்டு கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு, குனிந்து கீழே பார்த்தபடியே வேலை. முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு வந்த அண்ணனுக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. அண்ணிக்கோ மாடிப்படி ஏறுவதுபோல அது. வீட்டில் கரப்பான்பூச்சியைக் கண்டால்தான் கட்டில்மேல் ஏறுவாள்.

அவளுடைய கஷ்டம் உயரம் இல்லை, கழிப்பறை. அது கண்டெய்னர் அடுக்குகளையெல்லாம் தாண்டி வாசல் பக்கத்து ஆபீஸில் இருந்தது. ஆண்களுக்கு எங்கேயாவது ஒரு கண்டெய்னர் மறைவு கிடைத்துவிடும். அண்ணி ஏணியில் இறங்கி, அவ்வளவு தூரம் நடந்துபோய்த் திரும்ப வேண்டும். அதுவரை கிரேன் சும்மா நிற்கும், கீழே லாரிகள் வரிசைகட்டும். அந்த வரிசையில் ஹாரன் என்று எல்லோரும் கூப்பிடும் டிரைவர் ஒருவர் உண்டு. மனுஷர் ஸ்டியரிங்கைவிட ஹாரனைத்தான் அதிகம் பிடித்திருப்பார். ஒரு நிமிஷம் வேலை நின்றால் போதும், பாம்... பாம்... என்று ஆரம்பித்துவிடுவார். அண்ணிக்கு அது நேராக மண்டையில் இறங்கும்.

அதனால் அவள் தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தாள். காலையில் அரை டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். வேலை முடிந்து வரும்வரை வாயில் ஒரு சொட்டுப் படாது. குளிர்காலத்தில் இது எப்படியோ ஓடிவிட்டது. வெயில் காலம் வந்ததும் கூண்டு அடுப்பு மாதிரி காய ஆரம்பித்தது. உள்ளே இருந்த ஏசி சத்தம் போட்டதே தவிரக் குளிரவில்லை.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. நான் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுச் சீருடை தைக்கிறவள். அண்ணிக்குச் சாப்பாடு கட்டுவதும், பெரிய பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொடுப்பதும் என் பொறுப்பு. வெயில் ஏற ஏற அண்ணிக்கு மாலையானால் தலைவலி. உதடு வெடித்தது. தூக்கத்தில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு அலறுவாள். தண்ணீர் ஒழுங்காகக் குடிக்கிறீர்களா என்று கேட்டால், பாட்டிலைப் பார்த்துக்கொள் என்பாள். பார்ப்பேன். காலியாகத்தான் இருக்கும். நானும் வாயை மூடிக்கொண்டு இன்னும் பெரிய பாட்டிலாக ஒன்று வாங்கி வந்தேன்.

ஒருநாள் நடுப்பகலில் ஹாரனின் லாரியிலிருந்துதான் அண்ணி ஒரு கண்டெய்னரைத் தூக்கிக்கொண்டிருந்தாள். பாதி உயரத்தில் கண் இருட்டிக் கை நழுவிவிட்டது. நல்ல வேளை, கைப்பிடியை விட்டால் எல்லாம் அப்படியே நிற்கிற மாதிரிதான் அந்தக் கிரேனைச் செய்திருக்கிறார்கள். கண்டெய்னர் அந்தரத்தில் நின்றது. லாரியில் உட்கார்ந்திருந்த ஹாரன் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடித் தரையில் அண்ணியின் தலை சாய்ந்து கிடப்பது தெரிந்தது. தொங்கும் கண்டெய்னருக்கு அடியிலிருந்து லாரியை வெளியே ஓட்டி நிறுத்திவிட்டு, ஹாரனை அழுத்தினார். அழுத்திய கையை எடுக்கவே இல்லை. அவர் வழக்கமாக அடிப்பது விட்டு விட்டு வரும். இது நிற்காமல் வரவே, யாருக்கோ ஆபத்து என்று நாலு பக்கத்திலிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். இரண்டு பேர் மேலே ஏறிக் கதவைத் திறந்து, ஈரத்துணியைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து விசிறினார்கள். அண்ணி கண் விழித்து, நன்றாகத் தெளிந்த பிறகு, மேலே ஒருவர் கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள, மெல்ல ஏணி இறங்கினாள்.

எனக்கு போன் வந்தபோது தைத்துக்கொண்டிருந்த சட்டையின் கை எங்கே, கழுத்து எங்கே என்று தெரியவில்லை. அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் அண்ணிக்குக் கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. அண்ணன் சுவரைப் பிடித்தபடி நின்றார். உடம்பில் தண்ணீர் வற்றிப்போயிருக்கிறது, சிறுநீரகம் பழுதாகியிருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை வந்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொன்னார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

“அதெப்படி டாக்டர் வற்றும்? பாட்டில் நிறைய நான்தான் ஊத்திக் குடுக்கிறேன். தினமும் காலியாத்தான் வருது.”

டாக்டர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தாள்.

“செடிக்கு ஊத்திட்டேன்” என்றாள்.

தினமும் வீட்டுக்குள் நுழையும் முன்பே, நான் மெஷினிலிருந்து தலை தூக்குவதற்குள், முழுப் பாட்டிலையும் ரோஜாவில் கவிழ்த்துவிட்டு வந்திருக்கிறாள். ஏன் என்று கேட்டால், “நீ திட்டுவியே நாத்தனாரே” என்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் உடனே வீட்டுக்குப் போய் அந்தச் செடியைப் பிடுங்கி எறியலாம்போல இருந்தது. அதைவிடப் பயம்தான் அதிகம். அண்ணி இல்லாத அந்த வீட்டை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்துவிட்டேன்.

சாயங்காலம் டாக்டர் வந்து எங்கள் வயிற்றில் பாலை வார்த்தார். சிறுநீரகம் தப்பித்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார். அண்ணன் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. அண்ணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, கடைசி மடக்கு தொண்டையில் இறங்கும்வரை நின்று பார்த்தேன்.

அந்த நேரத்தில் ஹாரன் வந்து வாசலில் தயங்கி நின்றார். அண்ணிக்குச் சங்கடமாகிவிட்டது. லாரியை நிறுத்திவைத்ததற்கு மன்னிக்கச் சொன்னாள். தான் ஏணி இறங்கினாலே அவருக்குக் கோபம் வருகிறதென்று தெரியும், அதனால்தான் இறங்குவதே இல்லை என்றாள். அவர் விழித்தார்.

“உங்க மேல நான் எதுக்கும்மா கோவப்படணும்? வண்டி நின்னா போதும், முன்னாடி நிக்கிறவன் தூங்கிடுவான். அவனை எழுப்பத்தான் அடிப்பேன். நீங்க இறங்கிப் போனா எனக்கென்ன, நானும் ரெண்டு வாய் தண்ணி குடிப்பேன்.”

உச்சியில் உட்கார்ந்திருப்பவளுக்குக் கீழே அடிக்கிற ஹாரன் எல்லாம் தனக்குத்தான் என்று தோன்றியிருக்கிறது. அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். டிரிப் போட்ட கை ஆடுகிறது என்று நர்ஸ் வந்து அதட்டும்வரை சிரித்தாள்.

மறுவாரம் ஹாரன் மற்ற டிரைவர்களையும் சேர்த்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் போனார். அந்தம்மா இறங்கி ஏறட்டும், நாங்கள் காத்திருக்கிறோம் என்று எல்லோரும் ஒரே பிடியாக நின்றார்கள். இப்போது கிரேன் பக்கத்திலேயே ஒரு கழிப்பறை வந்துவிட்டது. நடுநடுவே கிரேனை ஓட்ட மாற்று ஆள் வருகிறார். ஏசியும் ஒருவழியாக வேலை செய்கிறது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதே, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இரு, சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகிறதா என்று பார் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அண்ணி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, சாப்பிடும் நேரத்தில் அன்றைய நிறத்தை அறிவிப்பாள். அண்ணன் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போவார்.

இந்தக் கோடையில் ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினாள். உன் கைராசிக்கு என்ன ஆச்சு, ரோஜா இப்படித் தொங்கிப்போச்சே என்று கேட்டாள். குரலில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. வெளியே வந்து தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். மண் காய்ந்து பாளமாக வெடித்திருந்தது. உள்ளே போய், அண்ணி அப்போதுதான் கொண்டுவந்து வைத்த பாட்டிலைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டுகூட விழவில்லை.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் வராத அழுகை அப்போதுதான் வந்தது. செடிக்காகவா இப்படி அழுகிறாய் என்று பக்கத்து வீட்டுக்காரி பதறிப்போனாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு, குழாயில் ஒரு வாளி பிடித்து வந்து ரோஜாவுக்கு நானே ஊற்றினேன்.