பல் வெளுத்த படம்

ஓசூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் குளியலறைதான் நான் படம் கழுவும் இருட்டறை. ஞாயிற்றுக்கிழமை அப்பா குளித்து முடித்ததும் ஜன்னலில் கறுப்புத் தாளை ஒட்டி, சிவப்பு பல்பைப் போட்டு, டிரேக்களை வரிசையாக வைப்பேன். நெகட்டிவைத் தாளில் பெரிதாக விழவைக்கிற என்லார்ஜர் நான் வேலை பார்த்த வார்ப்புக் கம்பெனியின் லேபில் இருந்தது. லேபுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் அதை மூலையில் தள்ளிவிட்டார்கள். மேனேஜரை நச்சரித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

கம்ப்யூட்டர் வருகிற வரைக்கும் லேபில் என் வேலை இரும்பைப் படம் எடுப்பது. வார்த்த துண்டைக் கண்ணாடி மாதிரி தேய்த்து, அமிலத்தில் ஒரு நனை நனைத்து, மைக்ராஸ்கோப் வழியாகப் படம் பிடித்து, கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் போட்டு ரிப்போர்ட்டில் ஒட்ட வேண்டும். தூசி, கீறல், தண்ணீர்ப் பொட்டு எதுவும் இருக்கக் கூடாது. தூசியை விரிசல் என்று நினைத்து, வாங்குகிறவர்கள் மொத்தச் சரக்கையும் திருப்பிவிடுவார்கள். ஆனால் நிஜமாகவே விரிசல் இருந்தால் அது கட்டாயம் தெரிய வேண்டும். சுத்தமான பிரிண்ட் என்றால் எனக்கு அதுதான்.

என் பல்லில் இருப்பது தூசி இல்லை. நாங்கள் மத்தூர் பக்கம். அங்கே போர் தண்ணீர் குடித்து வளர்ந்த பலருக்கும் பல்லில் பழுப்புப் பட்டை விழுந்திருக்கும். எந்தப் பேஸ்ட்டுக்கும் அது அசையாது. ஊரில் யாரும் அதைக் கவனிப்பதுகூட இல்லை. ஓசூருக்கு வந்த பிறகுதான் வாயை மூடிக்கொண்டு சிரிக்கக் கற்றுக்கொண்டேன்.

வரன் பார்க்க ஆரம்பித்தபோது அப்படி வாய் மூடிய கலர் படம் ஒன்று சில வீடுகளுக்குப் போய், பெண் சிடுமூஞ்சியாகத் தெரிகிறாள் என்ற பதிலோடு திரும்பி வந்தது. அம்மா போன பிறகு என் கல்யாணம்தான் அப்பாவுக்கு முழுநேரக் கவலை. லேப் தோழி ஒருத்தி விளையாட்டாக எடுத்த நெகட்டிவ் ஒன்று என்னிடம் இருந்தது. அதில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பேன். அதைப் பிரிண்ட் போடச் சொன்னார் அப்பா.

"கருப்பு வெள்ளையில பழுப்பு எங்கம்மா தெரியப்போவுது?" என்றார். கலரே இல்லாத படத்தில் கறைக்கு ஏது இடம் என்பது அவர் கணக்கு. பழுப்பு கறுப்பாக வந்து நிற்கும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

டெவலப்பரில் தாளைப் போட்டு ஆட்டினேன். முதலில் கூந்தல் வந்தது, பிறகு கண், அடுத்துப் பல்லின் பட்டைகள். கன்னமெல்லாம் கடைசியில்தான் வந்தது. அப்படி என்ன அவசரமோ அந்தப் பட்டைகளுக்கு. எனக்கு ஆத்திரமாக வந்தது.

பிரிண்டின் கறுப்பை அரித்து வெளுக்க வைக்கிற மஞ்சள் கரைசல் ஒன்று உண்டு. அதை ரிப்போர்ட் படத்தில் வைத்திருந்தால் வேலை போயிருக்கும். இந்தப் படத்துக்கு யார் கேட்கப்போகிறார்கள்? நன்றாக நீர்க்கச் செய்து, மெல்லிய பிரஷ்ஷில் தொட்டு, ஒவ்வொரு பல்லாக வெளுத்தேன். கழுவி, படத்தை நிலைக்க வைக்கிற ஹைப்போவில் மறுபடி போட்டு, குழாய்த் தண்ணீர் பொட்டு வைத்துவிடும் என்று கடைசி அலசலைக் கேன் தண்ணீரில் முடித்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு அழுகை வரவில்லை. பெருமையாக இருந்தது. அவ்வளவு சுத்தமான பிரிண்டை நான் அதுவரை போட்டதில்லை.

அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தான் சொன்னதுதான் நடந்தது என்று பூரித்துப் போனார்.

படம் வேலை செய்தது. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து ஓசூரில் வண்டிக் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவரின் வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். காபி கொடுத்தேன். கேட்டதற்கெல்லாம் உதட்டை இறுக்கிக்கொண்டு ஒரு சொல், இரண்டு சொல்லில் பதில் சொன்னேன். பையனின் அம்மா கைப்பையிலிருந்து என் படத்தை எடுத்தார். நல்ல மனுஷிதான், ஆசையாகத்தான் கேட்டார்.

"இதுல சிரிக்கிற மாதிரி ஒரு தடவ சிரிம்மா. இதப் பாத்துட்டுத்தான் ஓடி வந்தோம்."

தலையைக் குனிந்துகொண்டிருந்தால் வெட்கம் என்று விட்டிருப்பார்கள். ஆனால் அந்தப் படத்தில் இருந்தவள்மேல் எனக்கு வெறுப்பு பொங்கியது. அவளைத்தான் இவர்களுக்குப் பிடித்திருக்கிறது. நிமிர்ந்து, வாய் நிறையச் சிரித்தேன்.

அந்தம்மா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அப்பா பக்கம் சாய்ந்து, எனக்குக் கேட்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"புள்ள பொயல போடுமா?"

புகையிலை என்றதும் அப்பா பதறிவிட்டார். படத்தைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து அந்தம்மாவின் முன்னால் போய்க் குனிந்தார்.

"பொயல இல்லீங்க. எங்கூரு தண்ணிங்க அது. இங்க பாருங்க, எனக்கும் அப்படித்தான்."

சொல்லிவிட்டு, டாக்டரிடம் காட்டுவதுபோல வாயைப் பிளந்து நின்றார். அந்தம்மா எட்டிப் பார்த்தார். தெளிவாகத் தெரியட்டும் என்று அப்பா விரலால் உதட்டை இன்னும் விலக்கினார்.

காபி தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவர் கையைப் பிடித்து இறக்கினேன். போதும்பா, வாயை மூடுங்க என்றேன்.