ஜெயக்குமார் பேரில் ஒரு மாடியறை

அயர்லாந்துக்கு வந்த புதிதில் என்னை அதிகம் குழப்பிய சொல் ‘கிராண்ட்’. நம் பெருந்துறைப் பக்கம் மண்டபம் நிறைய ஆள் வந்து, வாசலில் சீரியல் பல்பு மின்னினால்தான் கல்யாணம் கிராண்டு. சேலையில் ஜரிகை அகலமாக இருந்தால் கிராண்டு. இங்கே கார்க் நகரத்தில் ஒருநாள் பஸ்ஸில் ஒருவர் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன். ‘யூ ஆர் கிராண்ட்’ என்றார். அன்று நான் போட்டிருந்தது சாயம்போன பழைய கோட்டு. கேலி செய்கிறாரோ என்ற வருத்தத்தோடு வீட்டுக்கு வந்து என் கணவர் ஜெயக்குமாரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “பரவாயில்லைங்கறதத்தான் இந்த ஊர்ல அப்படிச் சொல்றாங்க எஸ்தரு” என்றார்.

அதே சொல்லைத்தான் இன்னொரு நாள் ஒரு வாசலில் நின்று கேட்டோம். எங்கள் தெரு முனையிலிருந்த சர்ச் ஹாலில் சனிக்கிழமைகளில் நோரா என்ற பெண் குழந்தைகளுக்கு ஃபிடில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நம் வயலின்தான், அவர்கள் ஊர்ப் பாட்டை வாசித்தால் அதற்குப் பெயர் ஃபிடில். எங்கள் மகள் ஜெனி அந்தச் சத்தத்தைக் கேட்டு நகர மாட்டேன் என்றாள். நாங்கள் மூவரும் கதவுக்கு வெளியே நின்றோம். நாங்கள் அந்தச் சர்ச்சைச் சேர்ந்தவர்கள் இல்லை, வெளியூர்க்காரர்கள் என்று ஜெயக்குமார் ஆங்கிலத்தில் தடுமாறி விளக்க ஆரம்பித்தார். நோரா அதைக் கேட்டு முடிக்கவில்லை. “யூ ஆர் கிராண்ட், கம் இன்” என்று சொல்லி, ஜெனியின் கையில் ஒரு சின்ன ஃபிடிலைக் கொடுத்துவிட்டாள்.

அன்று வீடு திரும்பிச் சாப்பிட்டு முடித்த பிறகு ஜெயக்குமார் தன் சிறுவயதுக் கதையைச் சொன்னார். அவருடைய அப்பாவும் அம்மாவும் வெள்ளகோவில் பக்கம் அடுத்தவர் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். சிறுவயதில் அவர் போன சர்ச்சில் ஒரு கீபோர்டு இருந்தது. ஆராதனை முடிந்ததும் சிவப்பு வெல்வெட் துணியால் மூடிவிடுவார்கள். பெரிய வீட்டுப் பிள்ளைகள் துணியை விலக்கி வாசித்துப் பார்ப்பார்கள். இவர் பக்கத்தில் போனால் மட்டும், “தொடாதடா, கட்டை போயிரும்” என்று குரல் வரும். பின்னால் நின்று அடுத்தவர் விரலைப் பார்த்தே எல்லாப் பாட்டையும் மனதில் ஏற்றிக்கொண்டாராம். சொந்தச் சம்பளத்தில் ஒரு கீபோர்டு வாங்கிய அன்றுதான் முதல்முதலாக ஒரு கட்டையை அழுத்தியிருக்கிறார். இதை அவர் புகாராகச் சொல்லவில்லை. மகள் கையில் ஃபிடிலைப் பார்த்த சந்தோஷத்தில் சொன்னார்.

பல வருடம் கழித்து, நோய் முற்றி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான். “ஊர்ல ஒரு ரூம் போடோணும் எஸ்தரு. நாலஞ்சு கீபோர்டு, சொல்லித்தர ஒரு ஆளு. ஆரு வந்தாலும் தொட்டுப் பாக்கோணும்.” அவரை இங்கேயேதான் அடக்கம் செய்தோம். ஊருக்குக் கொண்டுபோய்விட்டால் அப்பாவை நான் எங்கே போய்ப் பார்ப்பது என்று ஜெனி கேட்டாள்.

அறையை என் தம்பி சாமுவேல் கட்டினான். பெருந்துறையில் எலெக்ட்ரீஷியனாக இருக்கிறான். தன் வீட்டு மாடியிலேயே இடம் கொடுத்து, வெளிப்பக்கமாகத் தனிப்படி வைத்து, வயரிங் முழுவதையும் தன் கையால் செய்தான். கோயம்புத்தூர் கோட்டைமேட்டில் கச்சேரிகளுக்குக் கீபோர்டு வாசிக்கும் சலீம் பாய் ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் பிடித்து வந்து சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டார். வாசலில் ஜெயக்குமார் பெயரைப் பொறித்த பலகை. அதன் படத்தை ஃபோனில் பார்த்து நானும் ஜெனியும் அழுதோம்.

போன விடுமுறையில்தான் அந்த அறையை நேரில் பார்த்தேன். மாடி ஏறும்போதே சத்தம் கேட்டது. உள்ளே உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் எனக்குத் தெரிந்த முகம் சாமுவேலின் மகள் மட்டும்தான். மற்றவர்கள் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்திருக்கும் ஒடிசா, பீகார்க்காரர்களின் குழந்தைகள். அடுத்த தெரு லைன் வீடுகளில் இருப்பவர்கள். சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை டியூஷன். சலீம் பாய் மட்டும் மலர்ந்த முகத்தோடு, “நல்லா வாசிக்கறாங்கம்மா, வந்து கேளுங்க” என்றார்.

சாமுவேல் என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போனான். அவன் முகம் சரியில்லை.

“சர்ச்சுல பெரியப்பா எல்லாரு முன்னாலயும் கேட்டுப்போட்டாருங்க்கா. மாமா பேர்ல வெச்சது நம்ம புள்ளைகளுக்குன்னுதான, எங்கிருந்தோ வந்தவங்களுக்கு எதுக்குன்னு. எனக்கு மூஞ்சிய எங்க வெக்கறதுன்னு தெரியலீங்க. பேசாம இத மூடிப்போட்டு, நம்ம புள்ளைகளுக்கு டியூஷன் சென்டரா மாத்திப்போடலாமுங்க.”

“மாமா பாட்டுக்குத்தான கேட்டாருடா.”

“நீங்க லீவு முடிஞ்சா பிளேன் ஏறிப் போயிருவீங்க. இங்க இருக்கறவன் நானுங்க்கா.”

அவன் சொன்னது பொய்யில்லை. எட்ட இருந்துகொண்டு ஊருக்கு நல்லது செய்கிறவர்கள் எல்லோரும் ஒருநாள் கேட்க வேண்டிய வார்த்தைதான் அது. நாளைக்கு யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மறுபடி மாடிக்குப் போனபோது, படியில் ஒரு பெண் எழுந்து நின்றாள். பெயர் சபிதா. பனியன் கம்பெனியில் தையல் வேலை. மகள் மினதி உள்ளே வாசித்துக்கொண்டிருந்தாள். வாரத்தில் கிடைக்கும் ஒரே லீவை அவள் இந்தப் படியில் உட்கார்ந்து கழிக்கிறாள்.

“டீச்சர், பந்த்?” என்றாள். என்னையும் ஒரு டீச்சர் என்று நினைத்துவிட்டாள் போல.

நம் ஊரில் பந்த் என்றால் கடையடைப்பு. காய் வாங்கப் போக வேண்டும்போல, பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். “இல்லீங்க, பந்த் எதுவும் இல்லீங்க” என்றேன்.

“பந்த் இல்லே?”

“இல்லவே இல்லீங்க. பயப்படாதீங்க.”

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். காய்கறிக் கடைக்கு இவ்வளவு நன்றியா என்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே அவள் இறங்கி ஓடினாள். கீழே லைன் வீட்டுப் பெண்களின் பேச்சும் சிரிப்பும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சாமுவேல் மேலே வந்தான்.

“என்னங்க்கா சொல்லிப்போட்டீங்க? அவங்க பாசைல பந்த்துன்னா மூடறதுங்க. கீழ நாம பேசுனது காதுல விழுந்து, கிளாஸ மூடப்போறீங்களான்னு கேட்டிருக்குது. நீங்க இல்லவே இல்லைன்னுட்டீங்களாமா.”

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேறொருவர் வாசலில், அவர்கள் பாஷை புரியாமல் நாங்கள் நின்றது நினைவுக்கு வந்தது. அன்று நோரா எங்களிடம் எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை.

“சொன்னது சொன்னதாவே இருக்கட்டும் சாமு. பெரியப்பா கேட்டா, ஆரு வந்தாலும் தொடலாம்னுதான் மாமா சொன்னாரு, அக்கா அதத்தான் செய்யறான்னு சொல்லு. வேண்டாம், நானே போய்ச் சொல்றேன்.”

அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து படியைப் பார்த்தான். பிறகு, “படில உக்காந்துக்கறாங்க, வெயிலு அடிக்குது. மேல ஒரு ஷீட்டு போட்டுடறேனுங்க” என்றான்.

பெரியப்பா வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, “உம்பட இஷ்டம் அம்மணி” என்றார். அதில் கோபமும் இருந்தது, பாசமும் இருந்தது. அவர் மனம் மாறியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கிளம்புவதற்கு முன் மினதி சுவரில் இருந்த ஜெயக்குமார் படத்தைக் காட்டிக் கேட்டாள்: “ஏனுங்க டீச்சர், இந்த சார் எப்பங்க வருவாரு?”

“அவரு அயர்லாந்துல இருக்காரு கண்ணு.”

“வேலைக்குங்களா?”

தலையை மட்டும் ஆட்டினேன். அவள் படத்தை இன்னொரு முறை பார்த்தாள். “லீவு குடுக்க மாட்டாங்களாட்ட இருக்குது” என்று பெரிய மனுஷிபோலச் சொல்லிவிட்டு வாசிக்கப் போய்விட்டாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சாமுவேல் எனக்கு வீடியோ கால் போட்டு ஃபோனை ஜன்னல் திண்டில் வைத்துவிடுவான். படிக்கு மேல் தகர ஷீட்டு வந்துவிட்டது. சர்ச்சிலிருந்து இரண்டு பிள்ளைகள் டியூஷன் முடித்துவிட்டு வருகிறார்களாம். போன வாரம் ஊரில் ஆடிக்காற்று. மினதி ஒரு பாட்டைத் தனியாக வாசித்தாள். ஜெயக்குமார் வீட்டில் அடிக்கடி வாசித்த பாட்டு. எப்படியோ சலீம் பாயும் அதையே சொல்லிக்கொடுத்திருக்கிறார். நடுவில் ஜன்னல் படார் படார் என்று அடித்தது. பாட்டு கெட்டுவிடுமே என்று அவசரமாக எழுந்துபோய்க் கொக்கியில் கை வைத்தேன். கார்க்கில் அன்று காற்றே இல்லை. என் வீட்டு ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.