பொட்டு வைத்த கிரேக்கத்தி

ணங். டீக்கடையில் யாரோ பீங்கான் கோப்பையைச் சுண்டினாலும் போதும், என் மனம் எழுந்து எங்கள் சூளை வாசலுக்கு ஓடிவிடுகிறது. விரிசல் விடாத பீங்கானுக்கு அந்தக் குரல்தான் சாட்சி.

விருத்தாசலத்தில் யார் யாருடைய பட்டறையிலோ பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டிவந்த என் மனைவி, சொந்தமாகப் பட்டறை போட்ட பிறகு வந்த முதல் வெளியூர் ஆர்டர் அது. பாண்டிச்சேரியில் பரிசுப்பொருள் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா போனில் படம் அனுப்பியிருந்தார். கிரேக்கர்களின் அதிர்ஷ்ட தேவதை. பெயர் டைக்கி. தலையில் கோட்டை மதில் போலக் கிரீடம், ஒரு கையில் கப்பல் சுக்கான், மறு கையில் பழங்கள் வழியும் கொம்பு. சரியாக அமைந்தால் தொடர்ந்து வேலை. சொதப்பினால் அவள் மறுபடி அடுத்தவர் பட்டறைக்கு.

அச்சு பிசகவில்லை. சூடும் பிசகவில்லை. சூளையைப் பிரித்தபோதுதான் பார்த்தேன்: அத்தனை கிரேக்கத்திகளின் நெற்றியிலும் சிவப்பாய், வட்டமாய், பொட்டு.

"என்ன இது?"

"ஐயோ! லட்சுமிக்கு வெச்சு வெச்சுப் பழகுன கைங்க. கண்ணு எழுதி முடிச்சா அதுவா நெத்திக்குப் போயிடுது."

"அழிக்க முடியாதா?"

"உங்க தலையெழுத்த வேணா அழிக்கலாம். இது சூளையில வெந்துபோச்சு."

சிரித்தாள். ஆனாலும் ஒரு நெற்றியை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

மறுநாள் அந்த அம்மாவே காரில் வந்து இறங்கினார். ஒன்றை எடுத்துச் சுண்டினார். ணங். எனக்கு மூச்சு வந்தது. முகத்தைத் திருப்பிப் பார்த்தார். வந்த மூச்சு நின்றது.

"ஏம்மா, இவ எந்தக் கோயிலுக்குப் போயிட்டு வரா?"

"பழமலைநாதர் கோயிலுக்குத்தாங்க மேடம்" என்றாள் என் மனைவி, தலை நிமிராமலே.

அவர் சிரித்துவிட்டார். "அந்தக் காலத்துல ஒவ்வொரு ஊரும் தன்னோட மதிலையே இவளுக்குக் கிரீடமா வெச்சுதாம். உங்கூருக்கு வந்தவ உங்கூரு பொட்டோட வரட்டும், கதை சொல்லியே வித்துடுவேன். அடுத்த லோடுல மட்டும் பொட்டு வேணாம்மா."

அடுத்த லோடு! கோடையில் ஓட்டுக்கூரைமேல் விழும் முதல் தூறல்போல இருந்தது எனக்கு.

வைக்கோல் சுற்றிய பெட்டிகளைக் காரில் அடுக்கினோம். கதவைச் சாத்தப் போனவன், "சரி, போவட்டும்" என்றேன். மனைவி முழங்கையால் இடித்தாள்.

"வூட்ட வுட்டுக் கெளம்புற பொண்ண இப்படியா சொல்லுவாங்க?"

பெட்டியருகே குனிந்து, மெதுவாகச் சொன்னாள்:

"போயிட்டு வாம்மா."