அம்மன் தேசிக்காயும் லுவாங்வா யானையும்

வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலரை மணி. ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற மகளின் காருக்கு, நாலு சில்லுக்கும் கீழே நாலு எலுமிச்சை, எங்கள் பேச்சில் தேசிக்காய், வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். முன்வீட்டு வெள்ளைக்காரர் ஜன்னலால் கை காட்டினார். இருபது வருஷமாகப் பார்க்கிறார், அவருக்கும் பழகிவிட்டது.

"அம்மா, ஹீத்ரோ பத்து நிமிஷம். இதுக்கு ஏன் இவ்வளவு ட்ராமா?" என்றாள் மகள் அபி.

"பத்து நிமிஷம் ஹீத்ரோவுக்கு. அங்காலை ஐயாயிரம் மைல் கிடக்கு, பிள்ளை. அப்பாவின்ரை நெஞ்சுக்கு ஆர் பொறுப்பு?"

போன வருஷம்தான் என் கணவருக்கு இருதயத்தில் ஒப்பரேஷன் நடந்தது. அவர் தேறி எழும்பிய சந்தோஷத்தில், எங்கள் முப்பத்தைந்தாவது கல்யாண நாளுக்கென்று அபி இந்தப் பயணத்தை எடுத்துத் தந்தாள். சாம்பியா நாட்டில், லுவாங்வா ஆற்றங்கரைக் காட்டில், ஒரு சொகுசுக் கூடார முகாமில் ஐந்து இரவு. உண்மையைச் சொன்னால் நான் கேட்டது ஒரு வாஷிங் மெஷின். அவர்தான் சின்னப் பிள்ளை மாதிரித் துள்ளினார். அதனால் மூன்று தேசிக்காயை அம்மன் காலடியில் வைத்து ஐயரிடம் பூசை செய்வித்து எடுத்துவந்தேன். "போய்த் திரும்பும் வரைக்கும் இதுகளைக் கைவிடாதேங்கோ, அம்மா" என்று ஐயர் சொன்னார். அந்த மூன்றும் குங்குமத்தோடு என் கைப்பையில் இருந்தன.

சனிக்கிழமை விடிய அடிஸ் அபாபா, மத்தியானம் லுசாகா. அங்கிருந்து சின்ன விமானத்தில் ஒரு மணி பத்து நிமிஷம் பறந்து, மூன்று மணிக்கு எம்ஃபுவேயில் இறங்கினோம். வழிகாட்டி ஜோசப் திறந்த ஜீப்போடு நின்றார். முகாம் எண்பது கிலோமீற்றர், மூன்றரை மணித்தியாலம். றோட்டு என்று ஒன்று இருந்தால்தானே கெதியாகப் போக. குலுங்கிய குலுக்கலில் என் எலும்பெல்லாம் இடம் மாறிவிட்டது. வழி நீளம் ஜோசப் காட்டினதை எல்லாம் என் கணவர் படம் எடுத்தார். நான் கிட்டத்து ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டேன். "நாங்கள் வந்த பக்கம்" என்றார் ஜோசப்.

பொழுதுபடும் நேரம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் யானைக் கூட்டம் ஒன்று தண்ணீர் குடித்தது. நான் கை கூப்பி, "பிள்ளையாரே, வந்துட்டம்" என்றேன்.

"அவர் பிள்ளையார் இல்லையப்பா. கிட்டப் போனால் மிதிச்சுப்போடுவார்" என்றார் கணவர்.

முகாமில் எட்டே எட்டுக் கூடாரம். கூடாரம் என்று வாய்தான் சொல்கிறது. உள்ளே தேக்குக் கட்டில், வெள்ளை விரிப்பு, பித்தளைக் குழாயோடு குளிக்கும் தொட்டி, ஆற்றைப் பார்த்த மேசை. ஒருவருக்கு ஒரு இரவு அறுநூற்றைம்பது பவுண் என்று தாளில் பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. ஹீத்ரோ பக்கத்து ஹோட்டல் ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் அறை துப்பரவு செய்தவள் நான். ஒரு ஷிப்டுக்குப் பதினாலு அறை. கட்டிலின் நாலு மூலையையும் பார்த்தால் போதும், விரித்த ஆளின் குணம் சொல்லிவிடுவேன். இந்தக் கட்டிலின் மூலைகள் கத்தி மாதிரி இருந்தன.

அதை விரித்தவர் பண்டா. எங்கள் கூடாரத்துக்குப் பொறுப்பு அவர்தான். நாற்பது வயதிருக்கும், மெலிந்த ஆள், சிரிப்பு கண்ணில்தான் முதலில் வரும். "பண்டாவோ? சிங்களப் பேரெல்லே, கண்டிப் பக்கத்து ஆளோ?" என்று என் கணவர் காதுக்குள் பகிடி விட்டார். பண்டா எங்களுக்கு ஒரே ஒரு சட்டம் சொன்னார்: கூடாரத்துக்குள் பழம் வைக்கக் கூடாது. தோடம்பழம், எலுமிச்சை மணத்தை யானை வெகு தூரத்திலிருந்தே பிடித்துவிடும். துணிச் சுவர் அதற்கு ஒரு தடையில்லை. நான் தலையாட்டினேன். என் கைப்பையில் இருப்பது பழம் என்று எனக்குப் படவேயில்லை. அது பிரசாதமல்லவா?

ஞாயிற்றுக்கிழமை காலைச் சவாரி முடிந்து வந்து, பழக்கதோஷத்தில் கட்டிலை நானே விரித்துவிட்டேன். பண்டா வாசலில் வந்து நின்று முழித்தார். "அம்மணி, அப்படியானால் நான் என்ன செய்வது?" என்றார். அவரோடு ஆங்கிலத்தில்தான் பேச்சு. இங்கே தமிழில் எழுதுகிறேன். என் வேலையைச் சொன்னேன். அவருக்கு வாயெல்லாம் பல். பிறகு இரண்டு பேருமாக விரிப்பை உதறி, ஆளுக்கு ஒரு மூலை மடித்தோம். அந்தப் பயணத்திலேயே நான் ஆறுதலாக இருந்த அரை மணித்தியாலம் அதுதான். தலையணையைத் தூக்கினார். இரவு நான் தலைமாட்டில் வைத்த மூன்று தேசிக்காயும் அங்கே கிடந்தன.

அவர் முகம் மாறிவிட்டது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கோயில், அம்மன், கணவரின் நெஞ்சு, ஆஸ்பத்திரி தூரம் எல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். பண்டா ஒரு தேசிக்காயை எடுத்து, அதிலிருந்த குங்குமத்தைப் பார்த்தார்.

"என் மனைவியும் தேவாலயத்தில் ஜெபித்த எண்ணெய்ப் போத்தலைத் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறாள்" என்றார். போய் ஒரு பிஸ்கட் தகரம் கொண்டுவந்தார், இறுக்கமான மூடி. "கூடாரத்தில் நீங்கள் இருக்கும்போது இதற்குள் இருக்கட்டும். வெளியே போகும்போது சமையல்கூடத்தில் என்னிடம் தாருங்கள். மறக்க வேண்டாம், அம்மணி."

"மறக்க மாட்டன்" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். அன்றைக்கு மறக்கவும் இல்லை.

திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கணவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு படுத்தார். "வாய்வுதான், பயப்பிடாதையும்" என்றார். தகரத்தைத் திறந்து, ஒரு தேசிக்காயை அவருடைய சேர்ட் பையில் போட்டேன். மற்ற இரண்டையும் தலையணைக்குக் கீழே வைத்தேன். ஒரு மணித்தியாலத்தில் அவர் பெரிதாக ஏவறை விட்டு, வாய்வு கலைந்து எழும்பி, "சிறுத்தை பார்க்க வேணும், வெளிக்கிடும்" என்றார். மூன்றரைக்கு ஜோசப் கூப்பிட்டார். அவர் தேறி எழும்பி வந்த சந்தோஷத்தில் நானும் ஏறி உட்கார்ந்துவிட்டேன். தகரம் மேசையில் வெறுமையாகத் திறந்து கிடந்தது.

ஆறு மணிக்குத் திரும்பினோம். எங்கள் கூடாரத்தின் ஆற்றுப் பக்கச் சுவர் மேலிருந்து கீழ்வரை கிழிந்து தொங்கியது. கட்டில் குறுக்கே இழுபட்டு, ஒரு கால் முறிந்து கிடந்தது. தலையணைப் பஞ்சு நிலமெல்லாம் பறந்தது, கீழே வைத்த இரண்டு தேசிக்காயையும் காணவில்லை. யானை வந்த வழியே நிதானமாகத் திரும்பிப் போனதாம். ஆருக்கும் காயமில்லை.

முகாம் மனேஜர் வந்தார். உயரமான பெண், அமைதியான குரல். பண்டா அவருக்குப் பின்னால் நின்று கிழிந்த துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"உள்ளே ஏதாவது பழம் இருந்ததா?" என்று மனேஜர் எங்களைக் கேட்டார்.

நான் வாய் திறக்கமுன் என் கணவர் "இல்லை" என்றார். சொல்லிவிட்டுத் தமிழில், "நீர் பேசாமல் இரும். பிள்ளை ஆசையாய் எடுத்துத் தந்தது. அவளின்ரை முகத்திலை கரி பூசாதையும்" என்றார்.

மனேஜர் என்னைப் பார்த்தார். பண்டாவும் நிமிர்ந்து ஒருதரம் பார்த்தார். நான் நிலத்தில் கிடந்த பஞ்சைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷம் பண்டா நின்ற பக்கத்தில் நின்றவள், விருந்தாளிப் பக்கத்தில் நின்றபோது வாயடைத்துப்போனேன். பண்டா குனிந்து மறுபடி துணியைச் சுருட்டினார்.

எங்களை வேறு கூடாரத்துக்கு மாற்றினார்கள். செவ்வாய் காலை தேநீர் கொண்டுவந்தது வேறொருவர். கட்டில் மூலைகள் தொளதொளவென்று இருந்தன. பண்டா எங்கே என்று ஜோசப்பிடம் கேட்டேன். "ஊருக்குப் போயிருக்கிறார்" என்று சொல்லிவிட்டு ஜீப்பை ஸ்டார்ட் செய்தார்.

செவ்வாயும் புதனும் பார்த்ததை இங்கே எழுத வேண்டும், போகாதவர்கள் கேட்பீர்கள். மரக்கொப்பில் கால் தொங்கப் படுத்த சிறுத்தையைப் பார்த்தோம். நீர்யானைகள் நூறு, நூற்றைம்பது ஒரே மடுவில் கிடந்து உறுமின. ஒட்டகச்சிவிங்கிக் குட்டி ஒன்று எங்கள் ஜீப்பைக் கடந்து போனது. என் கணவர் படம் எடுத்துக் களைத்துப்போனார். எனக்கோ எல்லாம் ஆரோ வீட்டு டீவியில் ஓடினது போலத்தான் இருக்கிறது.

ஏனென்றால் அந்த இரண்டு நாளும் என் மனம் ஹோட்டல் நாலாம் மாடியில் நின்றது. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், ஒரு விருந்தாளி தன் தோடு ஒன்றைக் காணவில்லை என்றாள். அறைக்குள் போனது நான் மட்டும். ஆரும் என்னைக் கள்ளி என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாளே கீழே லோன்ட்ரிக்கு மாற்றிவிட்டார்கள், ஆறு மாதம். அந்தத் தோட்டை அவள் வீட்டில் பெட்டிக்குள் கண்டெடுத்திருப்பாள் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஒரு போன் எடுத்திருந்தால் போதும். நாசமாய்ப் போவாள் என்று எத்தனை வருஷம் அவளைத் திட்டியிருப்பேன்!

புதன் பின்னேரம் கணவரிடம் சொன்னேன். "நான் மனேஜரிட்டைச் சொல்லப் போறன்."

"விசரே உமக்கு? முடிஞ்ச கதை."

"உங்களுக்கு முடிஞ்சுது. எனக்கு ஏலாது."

அவர் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். கமராவை எடுத்து மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். மனேஜரைத் தேடிப் போனேன். எம்ஃபுவேக்குப் போயிருக்கிறார், காலையில்தான் வருவார் என்றார்கள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணி. பைகளை ஜீப்பில் ஏற்றியாயிற்று. வழியனுப்ப மனேஜர் வந்தார். நான் அவரைத் தனியே கூப்பிட்டு, தேசிக்காய் என்னுடையது, மறந்துபோனது நான், பண்டாவில் பிழையில்லை என்று சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் முகத்தில் ஆச்சரியம் தெரியவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார். "அன்றைக்கு உங்களிடம் வருமுன்பே பண்டா என்னிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மா கடவுளிடம் வேண்டிக் கொண்டுவந்தது, பறிக்க மனம் வரவில்லை என்றார். அதனால்தான் உங்களைக் கேட்டேன். நீங்களும் அதையே சொல்லியிருந்தால் ஒரு எச்சரிக்கையோடு முடிந்திருக்கும். நீங்கள் இல்லை என்றீர்கள். விருந்தாளி சொல்வதைத்தான் நான் அறிக்கையில் எழுத முடியும். பழத்தைத் தானே உள்ளே விட்டுவிட்டு, விருந்தாளி மேல் பொய்ப் பழியும் போட்டார் என்று அலுவலகம் அன்றிரவே முடிவு செய்தது. வேலை போய், செவ்வாய் காலை சாமான் லொறியில் ஊருக்குப் போய்விட்டார்."

"இப்ப மாத்தேலாதா?" என்று தமிழில் கேட்டுவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் கேட்டேன்.

"எழுதித் தாருங்கள், அனுப்புகிறேன். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் எந்த முகாமுக்கு வேலைக்குப் போனாலும், முந்தின இடத்தை ஏன் விட்டாய் என்றுதான் முதல் கேள்வி. பதில் அவருக்கு முன்பே அங்கே போயிருக்கும்."

ஜீப்பின் முன்மூடியில் வைத்து ஒரு பக்கம் எழுதினேன். என் கணவர் இறங்கி வந்தார். நான் எழுதியதை வாசித்துவிட்டு, "இல்லை எண்டு சொன்னது நான் எண்டும் எழுதும்" என்றார். எழுதினேன். அவரும் கீழே கையெழுத்துப் போட்டார்.

எம்ஃபுவேக்குப் போகும் வழியில், காட்டு வாசலைத் தாண்டி ஊர்கள் வந்தன. றோட்டோரம் மண் வீடுகள், சோளம் காயப்போட்ட பாய்கள், சைக்கிளில் போகும் ஆட்கள். மெலிந்த ஆள் ஒவ்வொருவரும் பண்டாவாகத் தெரிந்தார். அவருடைய ஊர் எது என்று ஜோசப்பிடம் கேட்டேன். தாண்டி வந்துவிட்டோம் என்றார். திருப்பச் சொல்லியிருக்கலாம். விமானத்துக்கு நேரம் இருந்தது. போய் என்ன முகத்தோடு நிற்பது என்று பேசாமல் இருந்துவிட்டேன். அவர் விஷயத்தில் நான் வாய் திறக்காமல் விட்டது அது இரண்டாம் முறை.

வெள்ளிக்கிழமை காலை ஹீத்ரோவில் அபி நின்றாள். "எப்பிடி அம்மா இருந்தது?" என்று கட்டிப்பிடித்தாள். நல்லாயிருந்தது பிள்ளை என்றேன். காரில் வரும்போது நான் வேலை செய்த ஹோட்டலைக் கடந்தோம். நாலாம் மாடி ஜன்னல் ஒன்றில் ஆரோ திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது.

அடுத்த கிழமை முகாமிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் தங்கலைச் சிறப்பாக்கிய ஊழியர் எவரேனும் உண்டா என்று ஒரு கேள்வி, கீழே ஒரு கட்டம். பண்டாவின் பெயரை எழுதி, முழுக்கதையும் எழுதினேன். கட்டத்துக்குள் கொள்ளாமல் பாதியில் நின்றுவிட்டது. உங்கள் கருத்துக்கு நன்றி என்று உடனே பதில் வந்தது. வேறொன்றும் இன்றுவரை வரவில்லை.

என் கணவரின் சேர்ட்டைத் தோய்க்க எடுத்தபோது அந்த மூன்றாவது தேசிக்காய் பையிலிருந்து விழுந்தது. காய்ந்து, குங்குமம் கறுத்து, கல்லு மாதிரி இருந்தது. எறிய மனம் வரவில்லை. குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் ஜன்னலில் வைத்திருக்கிறேன். போன வெள்ளி கோயிலில் ஐயர் கேட்டார்: "பயணம் எப்பிடி, அம்மா? ஒரு குறையும் இல்லாமல் போய் வந்தியளோ?"

"ஓம் ஐயா" என்றேன். "எங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லை."